முதுமையும் பெருங்கடலும்: ஒரு தவறான தீர்ப்புக்கு மறுப்பு

பணியிலிருந்து ஓய்வுபெற்ற கணவனும் மனைவியும் தம் சேமிப்பில் ஒரு சிறு பாய்மரப் படகை வாங்கி, அதில் பெருங்கடலைக் கடக்கத் திட்டமிடுவது பிரிட்டனிலும் மேற்கு ஐரோப்பிய நாடுகளிலும் கடந்த அரை நூற்றாண்டில் ஒரு வழக்கமாகவே வேரூன்றியிருக்கிறது. அத்தகைய திட்டம் வெளியே தெரிந்தவுடன் அதன்மீது வழங்கப்படும் தீர்ப்பும் ஏறத்தாழ ஒரே வகையில் அமைகிறது. அறுபதைக் கடந்த உடல் கடலின் வன்மையைத் தாங்காது என்பது அத்தீர்ப்பின் முதற்கூறு. பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் விட்டுச் செல்வதும், ஆபத்து நேர்ந்தால் தம்மைக் காப்பதற்காகப் பிறர் உயிரைப் பணயம் வைக்கச் செய்வதும் தன்னலம் என்பது இரண்டாவது. இது கணவனின் கனவு, மனைவி அதற்குள் இழுக்கப்படுபவள் என்பது மூன்றாவது. போகத்தான் வேண்டுமென்றால் பெரிய படகில், நிறையக் கருவிகளோடு, பல படகுகள் சேர்ந்து செல்லும் அணியில் போகட்டும் என்னும் பரிவான அறிவுரை ஒன்றும் நான்காவதாக வந்து சேர்கிறது. இவை நான்கும் அக்கறையிலிருந்து பிறப்பவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான்கும் நெடுங்கடற் பயணத்தின் இயல்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால் விளைந்தவை. அப்பயணத்தை அவை உடல்வலிமையின் சோதனையாகக் காண்கின்றன. முன்னேற்பாடு, காத்திருப்பு, உரிய நேரத்தில் முடிவெடுத்தல் ஆகிய மூன்றாலும் நடைபெறும் காரியம் அது என்பதையும், அதில் ஆபத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பயணியின் வயதைவிடப் பயணத்தின் காலக்கணக்கே என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கணக்கைப் புரிந்துகொள்ள, பிரிட்டனிலிருந்து புறப்படும் இணையர் பலர் தேர்ந்தெடுக்கும் அட்லாண்டிக் சுற்றுவழியை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். பிளிமத், ஃபால்மத் போன்ற தென்மேற்குத் துறைமுகங்களிலிருந்து கோடையில் புறப்படும் படகு முதலில் பிஸ்கே விரிகுடாவைக் கடந்து ஸ்பெயினின் கலீசியக் கரையை அடைகிறது. அவ்விரிகுடாவில் ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழக் கடல் 200 மீட்டருக்கும் குறைந்த ஆழமுள்ள கண்டத்திட்டின்மேல் ஏறிவருவதால், இலையுதிர்காலப் புயல்களின்போது அலைகள் செங்குத்தாக எழுகின்றன. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே அதைக் கடந்துவிடுவது முறை. பின்னர் போர்த்துகல் கரை, மதேரா, கேனரித் தீவுகள் என்று தெற்கே இறங்கி, அங்கிருந்து வியாபாரக் காற்று எனப்படும், வடகிழக்கிலிருந்து ஒரே சீராக வீசும் காற்றைப் பாயில் ஏந்தி மேற்கே கரீபியன் தீவுகளை நோக்கிச் செல்கிறது. 1492 செப்டம்பரில் கொலம்பஸ் கேனரித் தீவுகளுள் ஒன்றான லா கோமேராவிலிருந்து புறப்பட்டு நம்பிச் சென்றதும் இதே காற்றைத்தான். திரும்பும் பயணம் வசந்தகாலத்தில் அசோர்ஸ் தீவுகளின் வழியாக அமைகிறது. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியா வரையிலான தொலைவு ஏறத்தாழ 2,700 கடல்மைல்; ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். மணிக்கு 5 கடல்மைல் என்னும் மிதமான வேகத்தில் அது 540 மணி நேரம், அதாவது இருபத்திரண்டரை நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்து, எதிர்பாராத தாமதத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கூட்டி 35 நாளுக்குக் கணக்கிட்டாலும் இருவருக்குத் தேவையான குடிநீர் 210 லிட்டரே; 11 மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரணப் படகின் தொட்டிகள் அதைவிட அதிகம் கொள்ளும்.

இவ்வழியின் ஒவ்வொரு கட்டமும் ஒரு பருவத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வட அட்லாண்டிக்கின் சூறாவளிப் பருவம் ஜூன் மாதத் தொடக்கம் முதல் நவம்பர் இறுதி வரை நீடிப்பதாகக் கொள்ளப்படுகிறது. வியாபாரக் காற்று நன்கு நிலைபெறுவதோ டிசம்பர் பாதிக்குப் பிறகுதான். எனவே ஜனவரியில் கேனரித் தீவுகளை விட்டுப் புறப்படுபவர் பாதுகாப்பான காலத்தின் நடுவில் பயணம் செய்கிறார். நவம்பரில் புறப்படுபவர் அதன் விளிம்பில் பயணம் செய்கிறார். ஆறு வார விடுப்பைப் பெற்றுக் கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்ப வேண்டிய நாற்பது வயதுக்காரருக்கு இத்தேர்வு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. மாத ஓய்வூதியத்தில் வாழும் அறுபத்தாறு வயது இணையருக்கு அது முழுமையாக வாய்க்கிறது. கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் பத்து நாள் கூடுதலாகக் காத்திருப்பதால் அவர்கள் இழப்பது துறைமுக வாடகையை மட்டுமே. கடலில் மிகுந்த பாதுகாப்பைத் தரும் பொருள் கால அவகாசம் என்றால், அதை மிகுதியாக வைத்திருப்பவர்கள் ஓய்வுபெற்றோர்தான். முதுமையைக் குறையாக மட்டும் எண்ணும் தீர்ப்பு இந்த அடிப்படையான உண்மையைக் கணக்கிலேயே கொள்வதில்லை.

உடல்வலிமை பற்றிய முதல் வாதத்தைப் படகின் வேலைமுறையோடு வைத்துச் சோதித்தால் அதன் தளர்ச்சி வெளிப்படும். நெடும்பயணத்தில் மனிதர் கையால் சுக்கான் பிடிப்பது அரிது. காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் ஒரு சிறு இறக்கையின் அசைவைச் சுக்கானுக்குக் கடத்தும் காற்றுவழித் தற்சுக்கான் கருவி இரவும் பகலும் படகைச் செலுத்துகிறது. 1960-இல் நடந்த முதலாவது தனியாள் அட்லாண்டிக் போட்டியே அக்கருவியின் பயனை உலகுக்கு மெய்ப்பித்தது. கருவியை வளர்த்தெடுத்த பிளாண்டி ஹாஸ்லர் அதில் இரண்டாமிடம் பெற, 58 வயது ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாளில் கடந்து முதலிடம் பெற்றார். பாயின் கயிறுகளை இழுப்பதற்கு வின்ச் எனப்படும் சுழல் உருளை கையின் விசையைப் பல மடங்காக்கித் தருகிறது. எஞ்சும் கடினமான வேலை, காற்று வலுக்கும்போது பாயின் பரப்பைச் சுருக்குவது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 15 கடல்மைல் வேகக் காற்று 30 ஆகும்போது பாயின்மேல் விழும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே 18 அல்லது 20-இல் பாயைச் சுருக்குபவருக்கு அது சில நிமிட எளிய வேலை. 30 வரை பொறுத்திருந்தவருக்கு அதுவே போராட்டம். சுருக்கலாமா என்னும் எண்ணம் முதலில் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது பாய்க்கடலோடிகளின் பழைய விதி. அவ்விதியைப் பின்பற்றத் தேவைப்படுவது தசை வலிமையைவிட, வேகத்தின்மீது ஆசை வைக்காத மனநிலை. அது இளமையைவிட முதுமையில் எளிதாக வாய்க்கும் பண்பு.

கடலோடிகளின் வரலாற்றில் முதியோரின் சாதனைகள் பல உண்டு. சிச்செஸ்டர் 1966 ஆகஸ்ட் 27 அன்று, தம் 65-ஆவது வயதின் நிறைவில், பிளிமத்திலிருந்து ஜிப்சி மாத் IV படகில் தனியாகப் புறப்பட்டுச் சிட்னியில் மட்டும் நின்று, 226 நாள் கடலோட்டத்தில் உலகைச் சுற்றி 1967 மே 28 அன்று திரும்பினார். கணித ஆசிரியையாகப் பணியாற்றிய பிரிட்டிஷ் பெண்மணி ஜீன் சாக்ரடீஸ் 2013-இல் 70 வயதிலும், 2019-இல் 77 வயதிலும், எங்கும் நிற்காமலும் யாருடைய உதவியும் பெறாமலும் தனியாக உலகைச் சுற்றிவந்தார். ஆஸ்திரேலியரான பில் ஹாட்ஃபீல்ட் 2020-இல் 81 வயதில், வழக்கமான காற்றுத் திசைக்கு எதிராக மேற்கு நோக்கி, நிற்காத உலகச் சுற்றை முடித்தார். ஜப்பானின் கெனிச்சி ஹோரியே 2022-இல் 83 வயதில், 6 மீட்டருக்கும் குறைந்த படகில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக்கைக் கடந்தார். இப்பட்டியலைக் காட்டி எல்லா முதியோரும் கடலேறலாம் என்று வாதிடுவது பிழை. அரிய மனிதர்கள் செய்து காட்டியதைப் பொதுவிதியாகக் கொள்ள இயலாது. ஆனால் அவர்களுடைய பயணங்கள் ஒன்றை ஐயமின்றி மெய்ப்பிக்கின்றன: வயது என்னும் எண் தன்னளவில் ஒரு தடை அன்று. அது தடையாக இருக்குமானால் தெற்குப் பெருங்கடலின் அலைகளும் பல மாதத் தனிமையும் அவர்களைத்தான் முதலில் வீழ்த்தியிருக்க வேண்டும்.

அரிய மனிதர்களைவிட இக்கேள்விக்கு நெருக்கமான சான்று ஓர் இணையரின் கதையில் கிடைக்கிறது. இந்தியப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் அதிகாரி மைல்ஸ் ஸ்மீட்டனும் அவர் மனைவி பெரிலும் 1951-இல் ட்ஸூ ஹாங் என்னும் 46 அடிப் படகை வாங்கியபோது அவர்களுக்குக் கடலோட்டத்தில் சொல்லத்தக்க அனுபவம் இல்லை. 1957 பிப்ரவரியில் கேப் ஹார்ன் முனையை நோக்கிச் செல்கையில் பின்னாலிருந்து வந்த பேரலை படகைத் தலைகுப்புறப் புரட்டியது. கடலில் வீசப்பட்ட பெரில் காயத்தோடு நீந்திப் படகை அடைந்தார். பாய்மரங்கள் முறிந்த படகை ஒப்பேற்றிக்கொண்டு அவர்கள் சிலிக் கரை சேர்ந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் இருவர் மட்டும் மேற்கொண்ட இரண்டாம் முயற்சியிலும் படகு உருண்டு பாய்மரங்களை இழந்தது. பின்னர் 1968-இல், மைல்ஸுக்கு 62 வயதும் பெரிலுக்கு 63 வயதும் ஆனபோது, ஓர் இளைஞரின் துணையோடு, கிழக்கிலிருந்து மேற்காக அம்முனையைச் சுற்றிக் கடந்தனர். முதல் முயற்சியிலும் ஓர் இளைஞர் உடனிருந்தார் என்பதும், மேற்கு நோக்கிய வழி காற்றை எதிர்த்துச் செல்வது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. அதே படகில், அதே இணையர், தம் ஐம்பது வயதுகளின் தொடக்கத்தில் இருமுறை தோற்று அறுபது வயதுகளில் வென்றனர். பருவமும் திசையும் நற்பேறும் அதில் பங்கு பெற்றிருக்கலாம், ஆயினும் வயது ஏற ஏறக் கடல் கைவிட்டுப் போகும் என்னும் எளிய விதிக்கு அவ்வரலாற்றில் இடமில்லை.

முதுமை உடலில் கொண்டுவரும் மாற்றங்களை மறைப்பது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அவற்றைப் பெயரிட்டுக் கூறுவதே நேர்மை. கண்மணி போதிய அளவு விரியாததால் இருட்டில் பார்வை மங்குகிறது. ஆகவே கண்புரை இருப்பின் புறப்படுமுன் அறுவை செய்துகொள்வதும், மற்றக் கப்பல்களின் இருப்பையும் திசையையும் தானே காட்டும் ஏஐஎஸ் கருவியை வைத்திருப்பதும் இன்றியமையாதவை. உடற்சமநிலை குறைகிறது, அதனால் மேல்தளத்தில் காலடி வைக்கும்போதெல்லாம் பாதுகாப்புக் கயிறு படகோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்னும் விதிக்கு விலக்கே இருக்கலாகாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோருக்குத் தலையில் படும் அடி மற்றவர்களுக்கு விளைவிப்பதைவிடப் பன்மடங்கு கேடு விளைவிக்கும். எனவே பெரும்பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் என்னும் கிடைக்கழி திடீரென மறுபுறம் வீசாதபடி முன்கயிறு கட்டித் தடுப்பது அவர்களைப் பொறுத்தவரை உயிர்காக்கும் ஏற்பாடு. இவை ஒவ்வொன்றும் தீர்வுள்ள இடர்கள். அத்தோடு, நிலம் பாதுகாப்பானது என்னும் எடுகோளும் ஆய்வுக்குரியது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கின்றனர் என்றும், அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தெற்குப் பெருங்கடலில் படகு கவிழ்ந்து சாய்ந்தபோதும் தப்பிய ஜீன் சாக்ரடீஸ், 2017-இல் படகு பழுதுபார்க்கும் தளத்தில் ஏணியிலிருந்து விழுந்துதான் கழுத்தெலும்பும் விலா எலும்புகளும் முறியப் படுத்தார். குணமான பின் மீண்டும் உலகைச் சுற்றினார்.

இதயத்தாக்கோ பக்கவாதமோ நடுக்கடலில் வந்தால் என்ன ஆகும் என்னும் கேள்விக்கு ஒளிவுமறைவற்ற விடையே தகும்: கரையில் பிழைத்திருக்கக்கூடிய ஒருவர் அங்கே பிழைக்காமற் போகலாம். 1935-இல் ரோமில் நிறுவப்பட்ட பன்னாட்டு வானொலி மருத்துவ மையம் போன்ற அமைப்புகள் கடலில் இருப்போருக்கு மருத்துவர் ஆலோசனையை வழங்குகின்றன. செயற்கைக்கோள் தொலைபேசி அதை எளிதாக்கியுள்ளது. ஆனால் ஆலோசனை மருத்துவமனைக்கு ஈடாகாது. இவ்விடரின் அளவைச் சரியாக மதிப்பிடுவது அடுத்த கடமை. அட்லாண்டிக் சுற்று ஓராண்டு நீள்கிறது என்றால், அதில் மருத்துவ உதவிக்கு எட்டாத தொலைவில் கழியும் காலம் போகும்போது மூன்று அல்லது நான்கு வாரம், திரும்பும்போது அசோர்ஸ் வரை ஏறத்தாழ அதே அளவு. மற்ற மாதங்கள் பெரும்பாலும் துறைமுகங்களிலும் கரையோரத்திலும் கழிகின்றன. இந்த ஆறு முதல் எட்டு வார இடரை அறிந்து ஏற்பதா வேண்டாமா என்பது சம்பந்தப்பட்ட இருவர் முடிவு செய்ய வேண்டியது. தம் மருத்துவச் சிகிச்சையை ஏற்கவும் மறுக்கவும் உரிமை பெற்ற ஒரு குடிமகனுக்கு, தம் எஞ்சிய ஆண்டுகளை எங்கே கழிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை 65 வயதில் பறிபோகிறது என்று கூற எந்த அறநூலும் இடம் தராது.

மீட்புப் பணியாளரின் உயிரைப் பணயம் வைக்கச் செய்வது தன்னலம் என்னும் இரண்டாவது வாதம் மேலோட்டமாகப் பார்க்க வலுவானது. பிரிட்டனின் கரையோரத்தில் மீட்புப் பணி செய்யும் ஆர்.என்.எல்.ஐ., 1824-இல் தோன்றி இன்றளவும் பெரும்பாலும் நன்கொடையால் இயங்கும் அறக்கட்டளை. அது யாருடைய வயதையும் கேட்பதில்லை. நடுக்கடலிலோ, அபாய ஒலிபரப்பு எழுந்தால் அருகிலுள்ள சரக்குக் கப்பலே பெரும்பாலும் திருப்பி விடப்படுகிறது. அதற்கான ஆம்வர் என்னும் பன்னாட்டு ஏற்பாடு 1958 முதல் நடைமுறையில் உள்ளது. அலையில் எழுந்து தாழும் சிறு படகிலிருந்து பெருங்கப்பலின் உயர்ந்த சுவரில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுவது முதியவருக்குக் கடினமானது, சில வேளை உயிராபத்தானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகையால்தான் மீட்பை நாட வேண்டியிராத அளவுக்குப் படகைச் சித்தப்படுத்துவது பயணிகளின் முதற்கடமையாகிறது. இக்கடமையை யார் நிறைவேற்றுகிறார் என்பதே அறவழிக் கேள்வி. சுக்கான் பழுதானால் மாற்று ஏற்பாடு, புயலில் படகின் வேகத்தை அடக்கப் பின்புறம் இழுத்துச்செல்லும் தடைக்கூம்புகள், முறிந்த கம்பிவடங்களை அறுத்தெறியும் கருவி ஆகியவற்றைத் தேடிச் சேர்த்துப் பழகிய எழுபது வயது இணையர், ஏற்பாடின்றி வார இறுதியில் கடலுக்குள் செல்லும் முப்பது வயதுக்காரரைவிடச் சமூகத்துக்குக் குறைந்த சுமையே ஆவர்.

இளமையும் வலிமையும் பாதுகாப்பைத் தந்துவிடும் என்று நம்புவோர் 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் போட்டியை எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் குறித்துத் தொடங்கிய அப்போட்டியில் புறப்பட்ட 303 படகுகள் ஐரிஷ் கடற்பகுதியை நெருங்கும் வேளையில் கடும்புயலில் சிக்கின. போட்டியாளர் 15 பேர் உயிரிழந்தனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. கைவிடப்பட்டவற்றுள் மூழ்கியவை ஐந்தே. எஞ்சிய பத்தொன்பது பின்னர் மிதந்த நிலையில் மீட்கப்பட்டன, ஆனால் அவற்றை விட்டு உயிர்காப்பு மிதவைக்குத் தாவியவர்களுள் சிலர் பிழைக்கவில்லை. படகு உண்மையில் மூழ்கும்வரை அதை விட்டு நீங்கலாகாது என்னும் பாடத்தை அந்நிகழ்வு கடலோடிகளின் மனத்தில் ஆழப் பதித்தது. தேர்ந்த குழுவினரும் உடல்வலிமையும் அங்கே குறைவில்லை. புறப்பாட்டைத் தள்ளிவைக்கும் உரிமை ஒன்றுதான் அங்கே இல்லை. அவ்வுரிமையே ஓய்வுபெற்றோரின் பெருஞ்செல்வம் என்று மேலே கூறப்பட்டதன் பொருள் இங்கே தெளிவாகும்.

பயணிகளை அச்சுறுத்தக் கூறப்படும் வேறு சில ஆபத்துகளும் இவ்வகையில் இடமும் காலமும் அறிந்து விலக்கத்தக்கவையே. 2009 அக்டோபரில் செஷல்ஸ் தீவுகளுக்கு அருகே ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் இணையர் ஒருவரைச் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்து 388 நாள் சிறைவைத்தது உலகறிந்த செய்தி. அதன் பின்னர் தென்கிழக்காசியாவிலிருந்து காலி வழியாகச் செங்கடலுக்குச் செல்லும் பழைய வழியைக் கைவிட்டுப் பல படகுகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் நீண்ட வழியை மேற்கொண்டன. அந்த இணையர் விடுதலைக்குப் பின் தம் படகைச் சீரமைத்து 2012-இல் மீண்டும் கடலேறினர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2020 முதல் ஸ்பெயின், போர்த்துகல் கரையோரங்களில் ஓர்க்கா திமிங்கிலங்கள் படகுகளின் சுக்கானைத் தாக்கி வருவதும், சில படகுகள் மூழ்கியிருப்பதும் உண்மை. ஆழம் குறைந்த கரையோர நீரில் செல்வது, அவற்றின் நடமாட்டம் பற்றிய அறிவிப்புகளைக் கண்டு நாளைத் தேர்வது ஆகியவை அங்கே நடைமுறையில் உள்ள தற்காப்புகள். இரண்டிலும் காப்பாக அமைவது செய்தியறிந்து வழியையும் நாளையும் மாற்றிக்கொள்ளும் நெகிழ்வே.

மூன்றாவது வாதம், மனைவி இழுத்துச் செல்லப்படுகிறாள் என்பது, பெண்ணுக்காகப் பரிந்து பேசுவதுபோல் தோன்றினாலும் உண்மையில் அவளுடைய விருப்பத்தையும் திறனையும் இல்லையென்றாக்குகிறது. எரிக் ஹிஸ்காக் எழுதிய நூல்களால் இரண்டு தலைமுறையினர் கடலோட்டம் கற்றனர். ஆனால் 30 அடி நீளமுள்ள வாண்டரர் III படகில் அவர் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றியபோது, பார்வைக் குறைபாடு உடைய அவரோடு சரிபாதிப் பொறுப்பைச் சுமந்து படகைச் செலுத்தியவர் மனைவி சூசன். பெரில் ஸ்மீட்டன் மைல்ஸை மணப்பதற்கு முன்பே தனியாக நெடும்பயணங்கள் செய்தவர். ஜீன் சாக்ரடீஸ், கணவரோடு தொடங்கிய கடல்வாழ்க்கையை 2003-இல் அவர் இறந்த பின் தனியாகவே தொடர்ந்தார். ஆயினும் இவ்வாதத்துக்குள் ஓர் உண்மைத் துணுக்கு புதைந்திருக்கிறது. இருவர் மட்டும் செல்லும் படகில் ஒருவர் உறங்கும்போது மற்றவர் தனியாள். மூன்று அல்லது நான்கு மணிக்கொருமுறை மாறும் காவல்முறையில் ஒவ்வொருவரும் நாளின் பாதியைத் தனிக் கடலோடியாகவே கழிக்கின்றனர். பாயைச் சுருக்கவும், நிலையைக் கணித்து வரைபடத்தில் குறிக்கவும், வானொலியில் பேசவும், துணைவர் செயலிழந்தால் படகைத் துறைமுகம் சேர்க்கவும் இருவரும் அறிந்திராவிடில் அப்பயணம் தொடங்கப்படலாகாது. பல குடும்பங்களில் இக்கல்வி கணவனோடு நின்றுவிடுவதே களையப்பட வேண்டிய குறை. மனைவியைக் கரையில் நிறுத்துவது அதற்குத் தீர்வாகாது.

குடும்பத்தைத் துறந்து போகிறார்கள் என்னும் குறையும் நடைமுறையை அறியாமல் எழுவது. சூறாவளிப் பருவத்தில் கரீபியனில் தங்கும் இணையர் பலர் கிரெனடாவிலோ டிரினிடாடிலோ படகைக் கரையேற்றிக் கட்டிவைத்துவிட்டு விமானத்தில் வீடு திரும்பிச் சில மாதங்கள் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். அந்த ஏற்பாட்டிலும் முழு உறுதி கிடையாது; சூறாவளிப் பாதைக்கு வெளியே உள்ளதாக நெடுங்காலம் நம்பப்பட்ட கிரெனடாவை 2004 செப்டம்பரில் ஐவன் புயல் சிதைத்தது. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், அந்நாட்டவர் ஷெங்கன் பகுதியில் 180 நாளுக்கு 90 நாள் மட்டுமே விசாவின்றித் தங்கலாம், கேனரி, மதேரா, அசோர்ஸ் தீவுகள் யாவும் அப்பகுதிக்குள் அடங்குபவை. விசா நாளும் காற்றின் பருவமும் ஒன்றோடொன்று மோதும்போது காற்றையே முதன்மையாகக் கொண்டு, நீண்டகால விசாவை முன்னரே பெறுவதோ இடையில் வீடு திரும்புவதோ திட்டத்தின் பகுதியாக வேண்டும். இத்தகைய உலர்ந்த கணக்குகளில்தான் பயணப் பாதுகாப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

எஞ்சியிருப்பது பரிவான நான்காவது அறிவுரை. பெரிய படகு பாதுகாப்பானது என்பது அதன் முதல் எடுகோள். நீளம் கூடும்போது பாயின் பரப்பும் நங்கூரத்தின் எடையும் கயிற்றில் ஏறும் விசையும் அதைவிட விரைவாகக் கூடுகின்றன. அவற்றைச் சமாளிக்க மின்விசை வின்ச்சுகளும் நீரழுத்தப் பொறிகளும் தேவையாகின்றன. மின்சாரம் தவறும் இரவில் அறுபத்தெட்டு வயதுக் கைகள் தம்மால் ஆளமுடியாத பாயின் முன் நிற்கின்றன. ஹிஸ்காக் இணையரின் அனுபவம் இங்கே பாடமாகிறது: முதுமையின் வசதிக்கென 1968-இல் ஏறத்தாழ 49 அடி நீள எஃகுப் படகான வாண்டரர் IV-க்கு மாறிய அவர்கள், அது இருவருக்குப் பெரிது என்று கண்டு, எரிக் எழுபதைக் கடந்த நிலையில் 39 அடி வாண்டரர் V-ஐக் கட்டிக்கொண்டனர். அணியாகச் செல்வது பாதுகாப்பு என்பது இரண்டாவது எடுகோள். 1986-இல் ஜிம்மி கார்னெல் தொடங்கிய ஆர்க் அணிப்பயணம் முதல் ஆண்டிலேயே 204 படகுகளை லாஸ் பால்மாஸிலிருந்து பார்படோஸுக்கு அழைத்துச் சென்றது. கருவிகளைச் சோதிப்பதிலும் பயிற்சி தருவதிலும் அது ஆற்றியுள்ள தொண்டு மதிக்கத்தக்கது. ஆனால் புறப்பட்ட சில நாளில் படகுகள் பார்வைக்கு எட்டாத தொலைவுக்குச் சிதறிவிடுகின்றன. நடுக்கடலில் ஒவ்வொன்றும் தனிப்படகே. மேலும் அணிக்கென ஒரு புறப்பாட்டு நாள் உண்டு. தயாராகாத படகையும் முழுமையாகக் குணமாகாத உடலையும் அந்நாளுக்காகக் கடலில் இறக்கும் தூண்டுதல் அதனுடன் சேர்ந்தே வருகிறது. ஆகவே ஓய்வுபெற்றோரின் தலையாய நலனாகிய கால அவகாசத்தை அவர்களே கைவிடும்படி செய்யும் ஆபத்து இவ்வறிவுரையில் உண்டு.

இவ்வளவும் கூறிய பின், கடலேறக் கூடாதவர்கள் யார் என்பதையும் வரையறுப்பது மறுப்பின் கடமை. நோய் கட்டுக்குள் வராதவரும், நோயை வாழ்க்கைத்துணையிடமிருந்தே மறைப்பவரும் செல்லலாகாது. பல இரவுகள் தொடர்ந்த கடலோட்டத்தை ஒருமுறையேனும் இருவருமாகச் செய்து பாராதவர்கள் பெருங்கடலை முதல் வகுப்பாகக் கொள்ளலாகாது. குறித்த நாளில் திரும்பியே தீர வேண்டிய கடப்பாட்டைச் சுமந்தவர்கள், அக்கடப்பாடு குடும்பத் திருமணமாகவே இருந்தாலும், அதை முடித்த பின்னரே புறப்பட வேண்டும். சேமிப்பு முழுவதையும் படகில் போட்டு, கரைக்குத் திரும்பினால் தங்க இடமற்ற நிலையை உண்டாக்கிக்கொள்வோர், நிறுத்த வேண்டிய வேளையில் பயணத்தை நிறுத்த முடியாதவர்களாகின்றனர். இந்த நான்கு தகுதியின்மைகளுள் ஒன்றுகூட வயதைப் பற்றியது அன்று. நான்கும் நாற்பது வயதினருக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே பிள்ளைகளும் மருத்துவர்களும் காப்பீட்டு நிறுவனங்களும் கேட்டுவரும் கேள்வி மாற வேண்டும். வயது எவ்வளவு என்று கேட்பதற்கு மாறாக, பிஸ்கேயைக் கடக்கும் மாதம் எது, கேனரித் தீவுகளில் எத்தனை வாரம் காத்திருக்க ஏற்பாடு உள்ளது, ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் எத்தனை நாள் தனியாகப் படகைச் செலுத்துவார், எந்த நிலையில் திட்டத்தைக் கைவிடுவதென்று இருவரும் உடன்பட்டுள்ளனர் என்று கேட்பதே அக்கறையின் பயனுள்ள வடிவம். இக்கேள்விகளுக்குத் தெளிந்த விடை இல்லாத இணையர் அவற்றாலேயே தம் குறையை உணர்ந்து புறப்பாட்டைத் தள்ளிவைப்பர். விடை உள்ளவர்களோ தம் வாழ்வின் மிக நிறைவான உழைப்பைச் செய்யத் தகுதி பெற்றவர்கள். நாற்பது ஆண்டு உழைத்து ஈட்டிய ஓய்வை மருத்துவமனைக்கு அருகே அமர்ந்து செலவிடுவது ஒரு வகை வாழ்க்கை. அதைத் தேர்ந்தெடுப்போரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அதுவே முதுமைக்குரிய ஒரே வாழ்க்கை என்று விதிப்பது, முதியவரிடம் வாழ்நாள் முழுதும் சேர்ந்த அறிவையும் பொறுமையையும் பயனற்றவை என்று அறிவிப்பதற்கு ஒப்பாகும். அவ்வறிவும் பொறுமையும் நாள்தோறும் தேவைப்படும் துறைகளுள் ஒன்று நெடுங்கடற் பயணம். அதற்குரிய கணக்கைச் செம்மையாக முடித்தவர்களை வயதின் பெயரால் தடுக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.